கடைக்கு வெளியே நின்ற பயணி

விமான டிக்கெட் போடும் தொழிலில் பேர், வயது, தேதியெல்லாம் கேட்பது சுலபம். படி ஏறுவீர்களா என்று கேட்பதுதான் பெரும்பாடு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டே பிழைக்கும் என் இனத்தாரே, ராஜபாளையத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

திடகாத்திரமான நோயாளி

வன்னியம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். கடையின் மூன்று படிகளையும் ஒரே தாவலில் ஏறிவிட்டு, ஏர்போர்ட்டில் தனக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றார். காலில் என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன். ஒன்றுமில்லையாம், நாற்காலியில் போனால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று மச்சினன் சொன்னானாம். நிஜமாகவே முடியாதவர் உங்களால் காத்துக் கிடப்பார் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்:

"சரி, அப்ப அந்தச் சாமான் தள்ளுத வண்டியிலயாவது உக்காந்துக்கிடலாமா?"

மேரியக்காவின் பதில்

செல்வராஜ் அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பேண்டேஜ் துணி வியாபாரி. சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. மும்பைக்கு டிக்கெட் போட வந்த அன்று, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரோடு ரோட்டிலேயே இருந்துகொண்டு மனைவி மேரியக்காவை உள்ளே அனுப்பினார். நான் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலி வேண்டும் என்று அக்கா சொன்னதும், படி ஏறுவாரா என்று வழக்கம்போல உரக்கக் கேட்டேன். கடையில் நல்ல கூட்டம், அதில் அக்காவின் தெருக்காரம்மா வேறு. அக்கா புருஷனை விட்டுக்கொடுப்பாரா? நல்லா ஏறுவாக என்றார். நானும் அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிவிட்டேன்.

ஏறுவார் என்று பதிவு செய்திருந்ததால், விமானக் கதவு வரை ஆளை உயர்த்தும் லிப்ட் வண்டி வரவில்லை. விமானத்தின் படிகளில் இரண்டு பேர் அவரைக் கைகால் பிடித்துத் தூக்கிப் போனார்கள். சட்டை மேலே ஏறிக்கொள்ள, கீழே நின்ற அத்தனை பயணிகளும் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் அண்ணாச்சி கடை முன்னால் வந்து ஹார்ன் அடித்தார். அடுத்த மாதமும் மும்பைக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள், பெரிய ஆர்டர். ஆனால் இனி விமானமே வேண்டாம் என்றார். நான் வாசற்படியில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"மூட்டை மாதிரி தூக்குனாக, தாயி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல."

ரோட்டில் கவுண்டர்

நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்னை நம்புங்கள் என்று கெஞ்சினேன். ஸ்கூட்டரை அணைத்துவிட்டு அண்ணாச்சி சொல்லத் தொடங்கினார். ஒரு படிகூட ஏற முடியாது. ஆனால் விமான சீட்டின் ஓரக் கைப்பிடியை மடக்கிவிட்டால் கைகளை ஊன்றித் தானே மாறி உட்கார்ந்துகொள்வார். லிப்ட் வண்டி, விமானத்துக்குள்ளே போக ஒடுக்கமான நாற்காலி, மடங்கும் கைப்பிடி என்று மூன்றுக்கும் விமானக் கம்பெனியிடம் உறுதி வாங்கும்வரை நான் விடவில்லை. கடைசியில் என் குரலைக் கேட்டதுமே, கம்பெனியில் போன் எடுக்கும் பெண் டிக்கெட் நம்பரைத் தானே சொன்னாள்.

பயணத்தன்று எனக்கு வேலையே ஓடவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் அண்ணாச்சி போன் செய்தார். கேட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அழுதேன், வெட்கமாக இல்லை.

"ஒரு கை எம்மேல படல, தாயி. சட்டைகூடக் கசங்கல. மத்தவுக இப்பத்தான் மூச்சு வாங்கப் படியேறி வாராக."

டிக்கெட் போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. போகிறவரிடமே கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.