வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடுகோடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் டெம்பரரி அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே கல்வித் தத்துவம் நடத்தும் லீலா மேடத்தின் வகுப்பில் வேலை. சேர்களை வரிசையாக அடுக்கித் துடைத்து வைத்திருந்தேன். மேடம் உள்ளே வந்ததும் தலையில் கை வைத்தார்.

"மரகதம்மா, எல்லாத்தையும் வட்டமா போட்டுடுங்க. ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தா என்ன கேள்வி வரும்?"

போட்டேன். எண்ணிப் பார்த்து, "ஒண்ணு அதிகமா இருக்கு மேடம்" என்றேன்.

"அது உங்களுக்கு."

எனக்கு உடம்பே கூசியது. கதவோரம் நின்றுகொண்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஐந்து வருடத்தில் நன்றாகப் பார்த்தது முன்னால் உட்கார்ந்தவளின் சடையைத்தான். இங்கே எல்லார் முகமும் தெரிந்தது. பள்ளிக்கூடம் யாருக்காக, அடிக்காமல் சொல்லித்தர முடியாதா என்று சண்டை போடுவார்கள். பாதி புரியும். நான் வாய் திறந்ததில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

சீனியர் அட்டெண்டர் நாகராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "என்னக்கா, நடுவுல யாராவது சாமியாடப் போறாங்களா?"

இன்ஸ்பெக்‌ஷன்

சில வருடங்கள் இப்படியே போயின. கல்லூரியைப் பார்வையிடக் குழு வருகிறது என்றார்கள். அதற்கு முந்தின நாள் பிரின்சிபால் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"மேடம்கிட்ட சொல்லிச் சொல்லி சாக்காச்சு, அலுத்தே போச்சு. நாளைக்கு அந்தக் குழு வர்றதுக்குள்ள நீ வரிசையா போட்டுடு. வட்டம் கிட்டம்னா காலேஜ் மாதிரியே இருக்காது. உன் பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள்ல தான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

நான் தலை குனிந்து நின்றேன். கூச்ச சுபாவம். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சீக்கிரம் போனேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாத சமயம். அந்த ஆர்டர் வந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. வரிசையாக இரண்டு சேர் போட்டேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வரிசை போட்டால் எனக்கு அதில் இடமில்லை, கதவோரம்தான். அந்த இரண்டையும் இழுத்து, எல்லாவற்றையும் வட்டமாகவே போட்டேன்.

மேடம் வகுப்பைத் தொடங்கியிருந்தார். நானும் என் சேரில் இருந்தேன். குழுவோடு வந்த பிரின்சிபாலின் முகம் சிவந்தது.

"ஏன்மா, நேத்து என்ன சொன்னேன்? திருப்பிப் போடு!"

மேடம் எழுந்தார். "சார், என் வகுப்பு..."

"நீங்க சும்மா இருங்க மேடம். அவ போடுவா."

அந்த 'அவ போடுவா'தான் என்னை எழுப்பியது.

"போட மாட்டேன் சார். மேடம் வகுப்புக்கு மேடம் சொன்னபடிதான் போடுவேன்."

குழுவில் வந்த வயதான அம்மா ஒருவர், "உட்காரலாமா?" என்று கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவில் மற்றவர்களும் காலிச் சேர்களில் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால் கதவோரமே நின்றார்.

அதற்குப் பிறகு

அந்த அம்மாவால் எனக்கு எந்த நல்லதும் நடக்கவில்லை. ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரமே என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். மேடம் எனக்காக எத்தனையோ தடவை பிரின்சிபால் ரூம் ஏறி இறங்கினார். அந்தப் பிரின்சிபால் மாற்றலாகிப் போன பிறகுதான் பர்மனென்ட் ஆனேன்.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு தேவையா அக்கா?" என்று நாகராஜ் கேட்டார்.

"தேவைதான்" என்றேன். இப்போது ஹெப்பகோடியில் மகன் வீட்டில் உட்கார்ந்து எழுதும்போதும் அதையேதான் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, சேர் போடுவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்ன வேலையாக இருந்தால் அதற்காக என்னை மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஸ்டோர் ரூமில் கால் ஆடும் சேர்கள் நாலு கிடந்தன. பெருக்குகிற பெண்கள் அங்கேதான் சாப்பிட வருவார்கள். போன முதல் நாளே அந்த நாலையும் துடைத்து வட்டமாகப் போட்டேன்.