பாண்டிலட்சுமி அக்காவின் நோட்பேட் ஃபைல்

பாண்டிலட்சுமி அக்காவுக்கு ஊர் எம். புதுப்பட்டி. ஒன்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவர். முப்பத்தாறு வயதில் ஞாயிறுதோறும் போய் டைப்பிங் படித்து, நான் லேபிள் டிசைன் செய்யும் சிவகாசி அச்சகத்துக்கு வேலைக்கு வந்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றுதான் முதலாளி காளிராஜ் சேர்த்திருந்தார்.

லேபிளில் வரும் தமிழை எல்லாம் அக்கா நோட்பேடில்தான் அடிப்பார்.

"மத்ததுல அடிச்சா நம்மளக் கேக்காம செவப்புக் கோடு போடுது. இது அடிச்சத அப்படியே வச்சுக்கிடுது தம்பி."

நாற்பத்தோரு ஐட்டமும் ஒரே ஃபைலில் இருக்கும். வெடியின் பெயர், கீழே எப்படிக் கொளுத்துவது என்று இரண்டு வரி. நான் அதிலிருந்து எடுத்து டிசைனில் ஒட்டுவேன்.

ஒரு மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். 'பற்ற வைத்ததும் தூரப் போகவும்' என்ற வரி எனக்குப் பொறுக்கவில்லை. கவிதை வாசிக்கிறவன் என்ற நினைப்பு. முழுவதையும் நகலெடுத்துப் புதிய நோட்பேடில் ஒட்டி, 'விலகி நில்லுங்கள்' என்று மாற்றினேன். வரிகளை உடைத்து அழகு பார்த்தேன். பழைய ஃபைலின் பெயரிலேயே சேமித்தேன். ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். இப்படிச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் அழிந்துவிடும் என்றுதான் அது சொல்லியிருக்கிறது.

மறுநாள் காலை அக்கா திறந்தபோது ஃபைல் முழுக்கக் கேள்விக்குறிகள்.

"ஏம்மா, நாலு மணிக்கு அச்சடிக்கப் பிளேட் போகணும். என்னத்த அடிச்சு வச்சிருக்க?" என்றார் முதலாளி. "பசை தொட்ட கைக்குக் கீபோர்டு ஆகுமான்னு அன்னைக்கே யோசிச்சேன்."

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு மொதலாளி."

"அப்ப பூதம் வந்து அழிச்சிருச்சாக்கும்? நாலு மணிக்குள்ள முடிக்கலன்னா நாளைக்கு வராத."

மெஷின் ஓட்டும் மாரிக்கண்ணன் என் தோளில் இடித்தார். "ஏலே, வெடியெல்லாம் நம்மகிட்ட கேள்வி கேக்குதுலே!"

நானும் சிரித்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார். நான் மவுஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அக்கா சாப்பிடப் போகவில்லை. கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த தாளைக்கூட அதிகம் புரட்டவில்லை. ஒன்பது வருடம் ஒட்டிய வரிகள் கையிலேயே இருந்தன. மூன்றரைக்கு முடித்துவிட்டார். நாலு மணிக்குப் பிளேட் போனது. அக்காவின் வேலை தப்பியது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார்.

"சேமிக்கையில ஏதோ கேக்குமாம், மாரிக்கண்ணன் சொன்னாக. நான்தான் கவனிக்காம அமுக்கியிருப்பேன். ஒங்க வேலையும் கெட்டுப்போச்சு. மனசுல வச்சுக்கிடாதீக தம்பி."

"பரவாயில்லக்கா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே பாத்துச் செய்யுங்க."

"சரி தம்பி."

இரண்டு சீசன் முடிந்துவிட்டது. அக்கா இன்னமும் ஒவ்வொரு ஃபைலையும் சேமித்து, மூடி, மறுபடி திறந்து கடைசி வரி வரை பார்க்கிறார். பிறகு என்னையும் கூப்பிடுகிறார்.

"ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க தம்பி. எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

போய்ப் பார்க்கிறேன். சரியாக இருக்கிறது என்று சொல்கிறேன்.