பெரியவர் சரித்திரமும் உங்கள் அம்மாவின் கேள்வியும்

பிள்ளைகளே, துப்பறியும் நாவல், சித்திரக் கதை, சரித்திரம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். பாகூரில் கரும்பு வெட்டி உடம்பு ஓய்ந்திருந்த சமயம், குடும்பத்தை விட்டுவிட்டு ஊர் மக்களுக்காக உழைக்கப் போன ஒரு பெரியவரின் சரித்திரம் கிடைத்தது. அதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, "நானும் போறேன்" என்றேன்.

அவள் மீன் அலசிக்கொண்டே கேட்டாள்: "அவரு பூட்டாரு, செரி. பொண்டாட்டி புள்ளைங்க இன்னா துன்னாங்க?"

"அதுவும் போட்டிருக்கும்."

"தேடிப் பாருய்யா. அதுவரிக்கும் கொழம்பு கொதிக்கட்டும்."

கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அவள் போட்ட சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட்டேன். போகவில்லை.

களைத்த நாட்களில் இப்போதும் போய்விடத் தோன்றுகிறது. ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், வீட்டில் விடப்பட்டவர்களைத்தான் முதலில் தேடுகிறேன். அநேகமாக அவர்கள் இருப்பதில்லை.