அப்பா எழுதவிடாத வரி

எனக்கு நாலு வயதாகும்போது அம்மா இரண்டாம் கல்யாணம் செய்து, என்னையும் கூட்டிக்கொண்டு உக்குவளைக்கு வந்தார். அம்மா கட்டிக்கொண்ட அந்த மனிதரைத்தான் இன்றுவரை அப்பா என்கிறேன். பெற்றவர் வேறொருவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தேவாலயத்து ஃபாதருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதில் அப்பா பிடிவாதம். பள்ளிக்கூட அதிபரிடம் கெஞ்சிக் கூத்தாடி, என் பேருக்கு முன்னால் தன் பேரின் முதலெழுத்தைப் போட வைத்தார். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அலுமாரியில் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் தம்பி பிறந்த பிறகும் அவருக்கு ‘மூத்தவ’ நான்தான்.

அம்மா இறந்த பிறகு ஏழு வருடம் அப்பாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். தம்பி கொழும்பில், பெருநாளுக்கு ஒரு கேக் பெட்டியோடு வந்துபோவான். நான் கல்யாணம் கட்டவில்லை, எனக்கு வேறு வீடும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கறியில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். “நாளைக்கு மகன் வந்து ஆக்கிப் போடுவான், அதுவரைக்கும் பட்டினி கெடங்க” என்பேன். சிரித்துக்கொண்டே தட்டை இழுத்துக்கொள்வார்.

அப்பாவின் அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மரண சாசனத்தைப் படித்தார்கள். வீடும் பின்னாலிருந்த மிளகுத் தோட்டமும் மகனுக்கு. என் பேர் எங்குமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுநாளே மாத்தளைக்குப் பஸ் ஏறி, அதை எழுதிய நொத்தாரிசின் முன்னால் போய் நின்றேன்.

“எங்கப்பா என்னை மறந்துட்டாரா ஐயா?”

“மறக்கலம்மா. ஒங்களுக்குப் பாதின்னுதான் மொதல்ல சொன்னாரு. நான் பர்த் சேர்ட்டிபிகேட் கேட்டேன், அதுல தகப்பன் பேரு வேற. அப்ப ‘மனைவியின் முந்தைய கல்யாணத்து மகள்’னு ஒரு வரி போடணும்னேன். அந்த வரி வேணாம், எல்லாத்தையும் மகனுக்கே எழுதுங்க, அவன் அக்காவைப் பாத்துக்குவான்னுட்டாரு.”

தம்பி நன்றாகவே பார்த்துக்கொண்டான். வீட்டை விற்க ஆளும் பேசிவிட்டான். “எனக்கும் புள்ளைங்க இருக்காங்க அக்கா” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு சட்டத்தரணியிடம் போனேன். மாற்றாந்தகப்பன் சொத்தில் எனக்குச் சட்டப்படி உரிமை இல்லை, இத்தனை வருடம் அவரைப் பராமரித்ததைக் காட்டி வழக்குப் போட்டுப் பார்க்கலாம், வெல்வது கஷ்டம் என்றார். அவருடைய லிகிதர் வழக்கு மனு எழுதப் பேனாவை எடுத்தார்.

“எறந்தவர் ஒங்களுக்கு என்ன மொறை?”

“அப்பா.”

“அப்புடிப் போட முடியாதும்மா. நீங்க அவரோட சொந்த மக இல்லைன்னுதான் தொடங்கணும்.”

அதை யாரும் எழுதக்கூடாது என்றுதானே அந்த மனிதர் அத்தனை பாடுபட்டார்! வழக்கு வேண்டாம் என்று எழும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன். இப்போது நாவுல பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். அப்பாமேல் கோபம் இன்னும் ஆறவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதவிட்டிருக்கலாம். எழுதியிருந்தால் மட்டும் நான் அவரை வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கப் போகிறேன்?