வற்றிய கண்மாய்க்கு என்ன நிறம்?

ஊருக்கு வரைபடம் போடுவது எளிது. எதற்கு என்ன நிறம் அடிப்பது என்பதில்தான் தலைவலி. காரைக்குடியில் கம்ப்யூட்டர் டிசைனிங் கடை வைத்து, கல்யாணப் பத்திரிகை முதல் பஞ்சாயத்து வரை படம் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கறுப்பு ஆகாது

நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாணம். பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போடச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் கறுப்புக் கோடு ஆகவே ஆகாது என்று பெண்ணின் அப்பா ஒரே பிடியாக நின்றார். சரியென்று மஞ்சள் அட்டையில் சாலையைச் சிவப்பில் இழுத்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

அந்தப் பத்திரிகை வாட்ஸப்பில் படமாகப் போயிருக்கிறது. செல்போனில் சிவப்புச் சாலை என்றால் நெரிசல் என்றுதானே இப்போது எல்லோருக்கும் பழக்கம்! மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்த வேன், தாலி கட்டி முடிந்து பந்தியும் பாதி முடிந்த பிறகு வந்து நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடமே அதில் ஒருவர் சொன்னார்: "ரோடு பூராச் செவப்பா இருந்துச்சுண்ணே, டிராஃபிக்குன்னு நெனச்சு ஒக்கூர் வழியாச் சுத்தி வந்தோம்."

கண்ணுக்குக் குளிர்ச்சி

மனை விற்பவர் ஒருவர், படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்றார். ஆத்தங்குடிப் பக்கத்து மனை அத்தனைக்கும் இளம்பச்சை அடித்துவிட்டேன். பூங்காவுக்கு விட்ட இடமும் பச்சைதான். இடம் பார்க்க வந்த டீச்சர் ஒருவர் படத்தை விரித்து வைத்து வெகுநேரம் தேடினார். பிறகு கணவரிடம் கேட்டார்: "எல்லாமே பூங்காவால்ல இருக்கு, நாம எங்குட்டு வீடு கட்டுறது?"

ஆடு மேய்ந்த கண்மாய்

ஒரு பஞ்சாயத்துக்காக, கிராம சபைக் கூட்டத்தில் மாட்ட ஊர்ப்படம் போட்டேன். நேரில் போய்ப் பார்த்தபோது கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான்தான் உண்மை விளம்பியாயிற்றே! சுற்றியுள்ள தரிசுக்கு அடித்த அதே மண் நிறத்தைக் கண்மாய்க்கும் அடித்தேன்.

படத்தை வாங்கிப்போக வந்தவர் கருப்பையா. அந்தக் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வயல் வைத்திருப்பவர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. தண்ணீர்தான் இல்லையே என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், நிறத்தை மாற்றாமல் எழுந்திருக்கமாட்டேன் என்றார். கோபமில்லை, பயம். "தண்ணி இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும் தம்பி. படத்துல நீலத்த எடுத்துட்டீகன்னா, வெறும் பொட்டல்னு சொல்லிப் பிளாட் போட்டுக் கல்லு ஊண்டிருவாய்ங்க. அப்புறம் எங்குட்டுத் தண்ணி வந்து நிக்கிறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது, இருப்பதிலேயே அடர்த்தியான நீலத்தை எடுத்துக் கரை வரைக்கும் நிரப்பினேன், அன்றிலிருந்து என் கடையில் எந்தக் கண்மாயும் வற்றுவதில்லை.