செபஸ்தியான் ஐயாவின் தலையசைப்பு

செபஸ்தியான் ஐயா காலமான செய்தி கெலிஓயா பஸ் தரிப்பிடத்தில் வைத்து எனக்குக் கிடைத்தது. சொன்னவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். செத்த பிறகுமா இந்த மனிதருக்குப் பயம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கே இதை எழுதுகிறேன். இனிப்பாக எழுத மனமில்லை.

மடுல்கெல்லயில் தோட்டக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கோவில் மரண உதவிச் சங்கத்தின் தலைவர். முதலில் நல்லவராகத்தான் இருந்தார். அமெரிக்கப் பாதாள உலகக் குடும்பமொன்றைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரை வெளிநாட்டு மகன் சீடியில் அனுப்பினான்; அதோடு மனிதர் கெட்டார். "பாத்தீங்களா சேர், அவனுங்க ஒருத்தன ஒருத்தன் விட்டுக்குடுக்க மாட்டானுங்க. அதான் குடும்பம்," என்பார். நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். அதில் எல்லோரும் எல்லோரையும் காட்டிக்கொடுக்கிறார்கள். அது மட்டும் அவர் கண்ணில் படவேயில்லை.

பிறகு சங்கமும் 'குடும்பம்' ஆயிற்று. மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டார். எந்தச் சாவு வீட்டிலும் அவர் கதிரையில் அமர்ந்து தலையசைத்த பிறகே சங்கத்து ஆட்கள் பெட்டியைத் தூக்க வேண்டும். ஒரு கூட்டத்தில், தலைவர் தெரிவு எப்போது என்று கேட்டேன். "குடும்பத்துக்குள்ள கேள்வி இல்ல சேர்," என்று சிரித்தார்.

அடுத்த மாதம் என் அம்மா இறந்தார். ஆட்களோடு வந்து பந்தலில் அமர்ந்தவர் தலையசைக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். நானும் தம்பியும், பக்கத்துக் கடை முஸ்லிம் நாநாவும் அவருடைய மருமகனுமாகத் தூக்கினோம். மேட்டில் மூச்சு முட்டி இரண்டு தடவை அம்மாவைத் தெருவில் இறக்கிவைத்தோம். அதை நான் மன்னிக்கவில்லை. இப்போதும்தான்.

ஊர் வாய்க்குப் பயந்து அவருடைய அடக்கத்துக்குப் போனேன். பூசைக்கு நேரமாகிவிட்டது. பாதர் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டார். பெட்டி இன்னும் வீட்டிலேயே இருந்தது. தூக்க வேண்டிய ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். தலையசைக்க ஆளில்லை. "தூக்குங்கப்பா," என்று அவர் மனைவி அழுதார். அப்போதும் எவரும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

ஆறு பேரில் மூத்தவரான ராயப்பன் என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்களாவது சொல்லுங்க. தூக்கவா?"

செபஸ்தியான் ஐயாவின் கதிரை காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். அம்மாவை நினைத்துக்கொண்டு, எல்லோரையும் கொஞ்ச நேரம் காத்திருக்க விட்டேன். ஐயாவின் மனைவி அழுதுகொண்டே இருந்தார். பிறகு தலையசைத்தேன். பெட்டி எழுந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அந்தக் காத்திருப்பு எனக்கு இனித்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். என்னையே தலைவராக்கப் போகிறார்களாம். தெரிவு எப்போது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.