பன்னிரண்டு வயது வரைக்கும் போர்வை

பிள்ளைகளுக்குப் படுக்கை கொடுப்பது மெத்தை மாதிரியே மெத்தென்ற வேலை என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். மலேசியாவின் ஈப்போவில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு தொண்டுக் குழுவில் சேர்ந்து கொல்லிமலைக்கு வந்தேன். தமிழ் தெரிந்த பாவத்துக்குப் படிவம் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது.

எழுபது வளைவு

மெத்தை தைத்துக் கொடுத்தவர் அடிவாரத்துக் கடைக்காரர் பஷீர் பாய். அவர் வேனிலேயே ஏற்றினோம். முன்சீட்டில் இடமில்லை, நான் பின்னால் மெத்தைச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். மகாராணி மாதிரி இருக்கிறது என்று மகளுக்குப் படம்கூட அனுப்பினேன். மூன்றாவது வளைவில் வலப்பக்கம் சாய்ந்தேன், நான்காவதில் இடப்பக்கம். பத்துக்கு மேல் எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் வண்டி நின்றபோது என் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. பாய் கதவைத் திறந்து என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், சரக்குக்கெல்லாம் கயிறு கட்டினேன். உங்களை மறந்துட்டேனுங்க."

சிரிக்கிற படம்

மெத்தையை விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்து, சிரிக்கிற முகமாகப் படம் எடுத்துக் கொடையாளருக்கு அனுப்ப வேண்டும். இது எங்கள் குழுவின் விதி. அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். பிள்ளைகள் புது மெத்தையைப் பார்த்ததும் கால் கழுவ ஓடிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஈரக்காலோடு வந்தார்கள். முதல் ஆளான மாரிக்கு ஐந்து வயது. படுத்ததும் தூங்கிவிட்டான்.

"சிரிக்கச் சொல்லுங்களேன்" என்று அவன் அம்மாவைக் கெஞ்சினேன்.

"தூங்கறதுக்குத்தானுங்க மெத்தை குடுத்தீங்க?"

உறை

மெத்தையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகளைக் குப்பை என்று மூட்டை கட்டினேன். ஒரு பெண்மணி அதை என் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"மெத்தை புள்ளைக்கு. கவரு காயற மொளகுக்குங்க, மழை வந்தா மூடிக்கலாம்."

ஒரு வயது

ஆளுக்கு ஒரு மெத்தை, ஒரு போர்வை; பன்னிரண்டு வயது வரைக்கும்தான் இந்தப் படுக்கை. இதுவும் விதி. செல்விக்குப் பதின்மூன்று. தம்பி தங்கைகள் மூவருக்கும் கிடைத்ததை அவள்தான் தோளில் சுமந்து வீட்டுக்குள் வைத்தாள். கடைசியில் என் எதிரே வந்து கைகட்டி நின்றாள். பகலிலேயே பல் கிட்டுகிற குளிர். நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு அவளுக்கு விதியை விளக்கினேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"போன வருசம் எனக்குப் பன்னெண்டுதானுங்க டீச்சர். நீங்கதான் வரலீங்க."

மறுபார்வை

ஒரு வாரம் கழித்துப் பார்வையிடப் போனோம். கொடுத்ததைப் பிள்ளைகள் பயன்படுத்தவில்லை என்று படிவத்தில் எழுதினால், அடுத்த வருஷம் அந்த ஊரே பட்டியலில் இருக்காது. செல்வி வீட்டு வேலியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. வேலி முழுக்க ஒரே ஒரு பெரிய போர்வை. கிட்டே போய்ப் பார்த்தேன். மூன்று போர்வைகளையும் பக்கவாட்டில் வைத்து, சாக்கு தைக்கிற ஊசியால் நெருக்கமாகத் தைத்திருந்தாள்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஒவ்வொரு பிள்ளையும் தன் போர்வையைத்தான் போர்த்துகிறதா? என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். வேறு வழியில்லாமல் கேள்வியை அவளிடமே படித்துக் காட்டினேன்.

"ஆமாங்க டீச்சர், மூணு பேரும் அவங்கவங்க போர்வையைத்தான் போத்திக்கறாங்க. நடுவுல நான் படுத்துக்கறேன், அவ்வளவுதானுங்க."

காப்பியடித்த பிள்ளைகளை முப்பது வருஷம் கையும் களவுமாகப் பிடித்த நான், அன்று செல்வி சொன்னதில் முதல் வரியை மட்டும் அப்படியே காப்பியடித்துக் கையெழுத்துப் போட்டேன்.